மஞ்சள் கோடு போட்ட தார்ப்பாய்

துளசிராமன் பிக்கப் வண்டி வாங்கிய மாதத்தில் அவன் மனைவி சகுந்தலாவுக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. குற்றம் வண்டியுடையது அல்ல. பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட பழைய ஜீப் பிக்கப் அது. இருமிக்கொண்டே ஓடினாலும் ஓடியது. வண்டியின் பின்பக்கத்தை மூடுவதற்கு ஒரு தார்ப்பாய் வேண்டியிருந்தது. அந்தத் தார்ப்பாய் தேடும் படலம்தான் அவளைப் பட்டினி போட்டது.

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் துளசிராமனுக்கு அரிசி மண்டி. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் மூட்டை இறக்கும் கல்தரை. பங்காரப்பேட்டை ரயிலடியிலிருந்து அரிசி கொண்டுவர இனி மாட்டு வண்டிக்காரனிடம் பல்லைக் காட்ட வேண்டாம் என்றுதான் பிக்கப் வாங்கினான். முதல் நடையிலேயே பாடம் கிடைத்தது. ஆடிக் காற்று. ஊரைச் சுற்றி நிற்கும் சைனைட் மலைகள், அதாவது தங்கத்தை உறிஞ்சிவிட்டுச் சுரங்க ஆலை துப்பிய சாம்பல் மணல் குன்றுகள், காற்றோடு எழுந்து திறந்த வண்டியில் வந்து உட்கார்ந்தன. சாக்கின் இடுக்கு வழியாக அரிசிக்குள்ளும் போயின. இரண்டு நாள் கழித்து, எதிர்ச்சந்தில் இட்டிலி விற்கும் பார்வதம்மா கடை வாசலில் நின்று, வாயிலிருந்ததைத் தரையில் துப்பிவிட்டுக் கேட்டாள்:

“இன்னா துளசி, அரிசியோட மலையையும் சேத்து அளக்குறியா?”

கடைவீதியே சிரித்தது. அன்றிலிருந்து துளசிராமனுக்குத் தார்ப்பாய்ப் பைத்தியம் பிடித்தது.

புதிதாக ஒன்று வாங்கியிருந்தால் கதையே இல்லை. ஆனால் புதிய சாமானைக் கடையில் போய்க் கேட்டு வாங்குவது துளசிராமனைப் பொறுத்தவரை ஏமாளிகள் செய்யும் வேலை. யாரோ கழித்துப் போட்டதை, அதன் அருமை தெரியாதவனிடமிருந்து தட்டி வாங்க வேண்டும். அதில்தான் அவனுக்கு ருசி. எனவே தினம் ஒருவன் ஒரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அதைச் சோதிக்கும் விதமும் துளசிராமனுக்கு என்று தனி. முதலில் முகர்வான். பிறகு ஓரத்து நூலைப் பல்லால் கடித்து இழுப்பான். பிறகு நாலு மூலையையும் நாலு பேர் பிடிக்க, நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பான். சொட்டு விழுந்தால் அவன் நெற்றியிலேயே விழும். நாலாவது மூலை எப்போதும் சகுந்தலாவின் கையில். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, “இந்தா, வந்து நுனியப் புடி” என்ற குரல் வரும்.

அப்படி அவள் பிடித்தவற்றில் ஒன்று கருவாட்டு லாரி மேல் கிடந்தது. விரித்த உடனே தெருப் பூனைகள் எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்தன. இன்னொன்று ரப்பர் பூசியது. வெயிலில் இளகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது, உரித்துப் பார்த்தால் யாருடைய தலைமயிரோ அதில் சுருண்டு கிடந்தது. மூன்றாவதை உதறியபோது ரோஜா நிறத்தில் எலிக்குஞ்சுகள் பொத்பொத்தென்று அவள் காலடியில் விழுந்தன. அவள் அலறிக்கொண்டு ஓடினாள். துளசிராமன் காலால் அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு, “ஓட்டை கீட்டை எதுனா கீதா பாரு” என்றான். அன்று இரவு அதே கால் அவளுடைய பாயின் மேல் வந்து நீண்டது. அவள் சுவரோரமாக நகர்ந்து படுத்துக்கொண்டாள்.

எதிரே பட்டறை வைத்திருந்த கிளாரன்ஸ் மட்டும் ஒருநாள் நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்தார். ஆங்கிலோ-இந்தியர், வயதானவர், வண்டி ரிப்பேரில் கெட்டிக்காரர். சினிமாக் கொட்டகையில் படம் மாறினால் பழைய பேனர் துணியெல்லாம் அவருக்குத்தான் வரும். கிழித்து எண்ணெய் துடைப்பார். அவர் கொண்டுவந்ததைத் தரையில் விரித்தால் முறுக்கு மீசை, கன்னத்தில் கொட்டைப்பாக்கு அளவு மரு, வாயில் சுருட்டு என்று யாரோ ஒரு வில்லனின் முகம் வானத்தைப் பார்த்து முறைத்தது.

“வாட்டர் ஒண்ணும் போவாது மேன். மூணு கோட் ஆயில் பெயிண்ட். டிரை பண்ணு” என்றார் கிளாரன்ஸ்.

சொம்புத் தண்ணீர் வில்லனின் மூக்குக் குழியில் தேங்கி நின்றது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனாலும் துளசிராமன் உதட்டைப் பிதுக்கினான்.

“அரிசி மண்டிக்காரன் வண்டியில திருட்டுப் பய மூஞ்சியா? ஊரு சிரிக்காது?”

“கரெக்டாத்தானே மேன் இருக்கும்?”

அந்த மாதத்தில் சகுந்தலா வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான். அதற்காகத் துளசிராமன் அவளோடு இரண்டு வேளை பேசவில்லை. அதுவும் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

சகுந்தலா கடைவீதிக்காரி இல்லை. ஸ்கெலட்டன் லைனில் பிறந்தவள். சுரங்கத் தொழிலாளிகளின் தகரக் கூரை வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடம் அது. துளசிராமனின் முதல் மனைவி காய்ச்சலில் போனபின், வேலூர்ப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள் என்ற உறவில் பெண் கேட்டு வந்தார்கள். தகப்பன் இல்லாத பெண் என்பதால் கொடுத்துவிட்டார்கள். கட்டிக்கொண்டு வந்து பத்து வருஷமாகியும் கடைவீதியில் அவளுக்குப் பெயர் ‘லைன் பொண்ணு’தான். அவள் சத்தமாகப் பேசினால் லைன் பொண்ணு. செருப்பில்லாமல் நடந்தால் லைன் பொண்ணு. கறிக்குழம்பில் காரம் கூடினாலும் அதே பெயர்.

இப்போது ஆவணியில் அவள் தங்கை அம்சவேணிக்குக் கல்யாணம். கல்யாண அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் அக்கா வீட்டுச் சீர், நம்ம சொந்த வண்டியிலேயே லைனுக்கு வந்து இறங்கும் என்று சகுந்தலா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பத்து வருஷத்தில் அவள் புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குப் போகும் முதல் பெரிய சாமான். துளசிராமனும் இதற்கு ஒப்புக்கொண்டிருந்தான். வண்டியை நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா. அந்த ஒரு நடை நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவள் கருவாட்டையும் எலியையும் பொறுத்துக்கொண்டு நாலாவது மூலையைப் பிடித்தாள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் ஜெயகரன் வந்தான். பழைய இரும்பு, கயிறு, டிரம் என்று எதையும் வாங்கி விற்கும் தரகன். எங்கிருந்து வந்தது என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவன் சொல்வதுமில்லை. அவன் கொண்டுவந்த தார்ப்பாய்க்குச் சொம்புத் தண்ணீர் சோதனையே தேவைப்படவில்லை. தடித்த கித்தான், நாலு பக்கமும் பித்தளை வளையம், கயிறு கோக்கத் தயாராக. துளசிராமன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். கேட்ட விலையும் கேவலமான மலிவாக இருந்தது. அவன் பேரம்கூடப் பேசவில்லை. அதுவே அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

சகுந்தலா காபி எடுத்துக்கொண்டு வந்தபோது டிரைவர் பாபு அதை வண்டிமேல் விரித்துக்கொண்டிருந்தான். பச்சைத் துணி. அதன் நடுவே, தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை, ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் கோடு.

அவள் டம்ளரைக் கல்தரையில் வைத்துவிட்டு, வண்டியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

லைனில் சுரங்கத்துச் சாமான் இல்லாத வீடு கிடையாது. கீழேயிருந்து வந்த மரத்துண்டுகள்தான் அடுப்பில் எரியும். கேபிள் கம்பியில்தான் துணி காயும். கார்பைடு டின்னில் துளசிச்செடி வளரும். கேட்டில் சோதனை போட்டாலும் ஷிப்ட் முடிந்து வருகிறவன் எதையாவது கொண்டுவந்துவிடுவான். அதைத் திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள், கீழே போய்வந்ததற்குக் கூலி என்பார்கள். மஞ்சள் கோடு போட்ட கித்தானை மட்டும் ஒருவனும் தொடமாட்டான். அது லெவல் என்கிற ஒவ்வொரு சுரங்க அடுக்கிலும் ஒரு தகரப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும். பூமிக்கடியில் பாறை வெடித்து ஆள் செத்தால் அதில் சுற்றித்தான் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவருவார்கள். ஆளை ஆஸ்பத்திரியில் இறக்கியதும் அந்தத் துணி அடுத்த ஷிப்ட்டோடு திரும்பக் கீழே போகும். வேலை முடிந்து கைவிட்ட ஏதாவது ஒரு பழைய லெவலில் அதைப் போட்டுவிட்டு வருவார்கள். துவைப்பதில்லை, எரிப்பதில்லை, வெயிலில் காட்டுவதில்லை. பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஜமுக்காளத்தைத் தெரியாத்தனமாகத் தலையில் சுமந்து வந்த ஒரு வியாபாரியை லைன் பெண்கள் மண்ணை வாரித் தூற்றித் துரத்தியதைச் சகுந்தலாவே பார்த்திருக்கிறாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு பகல் நேரத்தில், அடுக்குப் பாத்திரங்கள் தானாக ஆடின. லைனே சுரங்கத்துக்குள் இறங்கும் குழிவாய்க்கு, ஷாப்டுக்கு, ஓடியது. கேஜ் மேலே வரும்போதெல்லாம் பெண்கள் முதலில் பார்ப்பது ஆட்களை அல்ல; மஞ்சள் தெரிகிறதா என்றுதான். நாலாவது தடவை தெரிந்தது. உள்ளே இருந்தது அவளுடைய அப்பா. அம்சவேணி அப்போது அம்மாவின் இடுப்பில் பன் ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, இது பொணம் சுத்துற துணி” என்றாள் சகுந்தலா.

துளசிராமன் ஜெயகரனைப் பார்த்தான். ஜெயகரன் பல் குத்திக்கொண்டே, “தொவைச்சாச்சுங்க. பினாயில் போட்டு ரெண்டு தபா அலசியாச்சு. மோந்து பாருங்க” என்றான்.

துளசிராமன் முகர்ந்து பார்த்தான். நிஜமாகவே குனிந்து, மூக்கை அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே வைத்து முகர்ந்தான். “ஒண்ணும் இல்லியே” என்றான்.

அவள் புழக்கடைக்கு ஓடி, காலையில் தின்றதை எல்லாம் கக்கினாள். திரும்பி வந்தபோது ஜெயகரன் போய்விட்டிருந்தான். வண்டிமேல் தார்ப்பாய் இருந்தது.

“அதத் திருப்பிக் குடுத்துடுங்க. கல்யாண அரிசி அதுங்கீழ போவக்கூடாது.”

“ஏன், அரிசிக்குப் பேய் புடிக்குமா? கித்தான் கித்தான்தான்டி. உங்க லைன் ஜனங்களுக்கு இருக்கிறதெல்லாம் பயம்தான். கடைவீதியில இத எவனுக்குத் தெரியும்?”

“அது போற எடம் கடைவீதி இல்லியே. ஸ்கெலட்டன்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசித்தபோது அவளுக்கு ஒரு நொடி நம்பிக்கைகூட வந்தது. பிறகு அவன் பாபுவைக் கூப்பிட்டு, பச்சைப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னான்.

பாபு கோட்டின் மேல் பெயிண்ட் அடித்தான். துளசிராமன் பக்கத்தில் நின்று, விட்டுப்போன இடங்களில் விரலால் பூசினான். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தான். விரலிடுக்கில் பச்சை. அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து, கட்டைவிரலால் உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். “ரசம் இருக்கா?” என்றான். அவள் ரசத்தை உயரத்திலிருந்து ஊற்றினாள். அவன் தட்டுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோக அவளால் முடியவில்லை.

மறுநாள் அவள் தம்பி சம்பங்கி, தட்டில் பத்திரிகையும் மஞ்சளும் வைத்துக்கொண்டு முறைப்படி அழைக்க வந்தான். அவனும் சுரங்கத்தில்தான் வேலை, அப்பா வேலை பார்த்த அதே ஷாப்டில். மண்டிக்குள் நுழைந்தவன் வண்டியருகே நின்றான். பெயிண்டுக்கு அடியில் பார்ப்பதற்கு அவனுக்குத் தனியாகக் கண் தேவைப்படவில்லை. ஓரத்தில் ஒரு கிழிசலை வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். அதைத் தொடாமல், குனிந்து பார்த்தான்.

“அக்கா, இதுல மேல வந்தவரு நம்ம பக்கத்து லைன் டேவிட் அண்ணன். இந்தக் கிழிசல் கேஜ் கதவுல மாட்டினது. நான்தான் கால்மாட்டுல புடிச்சிருந்தேன்.”

துளசிராமன் கல்லாவிலிருந்தே சிரித்தான். “வாங்க மச்சான், உக்காருங்க. அக்காவும் தம்பியும் சேந்து எனக்குக் கத சொல்றீங்களா?”

“மாமா, கீழ போவ வேண்டியது இது. எவனோ களவாடிக்கினு வந்து உங்க தலையில கட்டிட்டான். இதப் போத்திக்கினு அரிசி வந்தா ஒருத்தனும் எலையில உக்கார மாட்டான். சமையலுக்கு வர்றதே டேவிட் அண்ணன் பொண்டாட்டி வின்னி அக்காதான். அந்தம்மா அதப் பாத்தா இன்னா ஆவும்?”

“அதான் பெயிண்ட் அடிச்சாச்சே.”

சம்பங்கி தட்டைக் கீழே வைத்தான். சகுந்தலா நீட்டிய காபியை வாங்கவில்லை. “தண்ணிகூட வேணாக்கா, கோச்சிக்காத” என்று சொல்லிவிட்டு, “சீர் வராட்டியும் பரவால்ல. கடன உடன வாங்கி நாங்க பாத்துக்கிறோம். இது மட்டும் வரக்கூடாது” என்று போய்விட்டான். தம்பி தன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போனதை அவள் வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீர் புறப்படும் நாளன்று காலையிலிருந்தே தூறல். மூட்டைகளை ஏற்றி, மேலே அந்தத் தார்ப்பாயை இழுத்து, வளையங்களில் கயிறு கோத்துக் கட்டியாகிவிட்டது. துளசிராமன் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றான். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. தூறல் பட்டுப் பட்டு அது குழைந்து, பச்சைப் பச்சையாக ஒழுகி, வண்டியின் பக்கவாட்டில் கோடு கோடாக இறங்கியது. நடுவில் மஞ்சள் மெதுவாக வெளியே வந்தது.

சகுந்தலா பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகினாள். சக்கரத்தின் மேல் கால் வைத்து வண்டிமேல் ஏறினாள். முதல் முடிச்சை அவிழ்த்தாள். துளசிராமன் முன்சீட்டிலிருந்து குதித்து இறங்கினான்.

“ஏய், இன்னாடி பண்ற? எறங்கு! ஊரு பாக்குது!”

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்வதம்மா இட்டிலித் தட்டோடு தெருவுக்கே வந்துவிட்டாள். சகுந்தலா இரண்டாவது முடிச்சுக்கு நகர்ந்தாள். ஈரக் கயிறு, நகம் உடைந்தது. கை முழுக்கப் பச்சைப் பெயிண்டும் பினாயில் வாடையும். ஆனால் கையை எடுக்கவில்லை.

“மழையில அரிசி நனையும்டி, லைன் பொண்ணே!”

“நனையட்டும். நனைஞ்ச அரிசிய ஒலத்திக்கலாம்.”

“பாபு, அவளப் புடிச்சு எறக்குடா!”

பாபு வண்டியை விட்டு நாலு அடி தள்ளிப்போய் நின்றான். அவனும் மைசூர் மைன்ஸ் லைனில் பிறந்தவன்தான். பெயிண்ட் அடித்த நாளிலிருந்து அவனுக்கும் தூக்கமில்லை. இந்த மாதிரி ஒரு சமயத்துக்குத்தான் காத்திருந்தவன்போல, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. சகுந்தலா அந்தக் கித்தானைக் காலால் உதைத்துத் தள்ளினாள். அது துளசிராமனின் ஜரிகை வேட்டி ஓரத்தில் போய் விழுந்தது. எதிர்ப் பட்டறையிலிருந்து கிளாரன்ஸ் வாய் திறந்தார்:

“என் பேனர் கீது, மேடம்.”

“எடுத்தாங்கண்ணா.”

“சிரிப்பாங்கடி!” என்று துளசிராமன் கத்தினான்.

“சிரிக்கட்டும். அழாம இருந்தா போதும்.”

கிளாரன்ஸும் பாபுவும் சேர்ந்து விரித்தார்கள். அரிசி மூட்டைகள் மேல் வில்லன் மல்லாந்து படுத்துக்கொண்டான். மரு ஒரு மூட்டையின் முனையில் புடைத்துக்கொண்டு நின்றது. துளசிராமன் வண்டியில் வரமாட்டேன் என்று கடைக்குள் போய்விட்டான். சகுந்தலா அவன் இருந்த முன்சீட்டில் ஏறி, அவன் மென்று துப்பிய வெற்றிலைச் சக்கையைக் காகிதத்தால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்கெலட்டன் லைனுக்குள் வண்டி நுழைந்தபோது முதலில் பிள்ளைகள்தான் பார்த்தார்கள். “திருடன் வர்றான், திருடன் வர்றான்” என்று கூவிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள். சம்பங்கி பந்தலிலிருந்து வேகமாக வந்தான். நேராகப் பின்பக்கம் போய், துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மேலே முழுசாகப் பார்த்தான். அவன் முகம் தளர்ந்து, சிரிப்பு பீறிட்டது.

“இன்னாக்கா, மாமா வரல, அவரு போட்டோவ அனுப்பிட்டாரா?”

பந்தலே சிரித்தது. அடுப்பங்கரையிலிருந்து வின்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விதவையாகி இன்னும் வருஷம் திரும்பாத முகம். பேனரைப் பார்த்து அவளும் லேசாகச் சிரித்து, “அரிசிய எறக்குங்கப்பா, ஒல கொதிக்குது” என்றாள். சகுந்தலா கிணற்றடிக்குப் போய், கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினாள். பெயிண்ட் போயிற்று. பினாயில் வாடை போகவில்லை. அன்று பந்தியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் இலைமுன் உட்கார்ந்து எழுந்தாள்.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பியபோது மண்டியில் அந்தத் தார்ப்பாய் இல்லை. கீழே அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுக்கலாம் என்று நினைத்து வந்திருந்தாள். துளசிராமன் முகத்தில் கோபம்கூட இல்லை. பெரிய காரியம் சாதித்த களை.

“வித்துட்டேன். வாங்கினதுக்கு மேலயே. நீ உதைச்சுத் தள்ளின துணி.”

“யாருக்கு?”

“பேக்கரிக்காரனுக்கு. அவன் வேனுக்குக் கச்சிதமா கீதாம்.”

அவள் செருப்புகூடப் போடாமல் அந்தப் பேக்கரிக்காரனைத் தேடிப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் மாவுக் கையோடு கேட்டுவிட்டு, “தொவைச்சதுதானே?” என்றான். ஜெயகரனின் அதே வார்த்தை. அவள் திரும்பி வந்து சம்பங்கிக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரே வாரத்தில் எந்த லைனிலும் அந்த ரொட்டி போணியாகாமல் போயிற்று. வேன் லைன்களுக்குள் போவதையே நிறுத்திக்கொண்டது. கடைவீதியில் மட்டும் தினம் காலையில் வந்து நின்றது, பச்சை உரிந்து மஞ்சள் முழுசாகத் தெரிய. கடைவீதிக்காரர்கள் அதன் கீழேயிருந்து சூடாக எடுத்துக் கொடுத்ததை வாங்கித் தின்றார்கள். சொன்னாலும் தின்றார்கள்.

துளசிராமனுக்கும் காலையில் அந்த வேன் பன் இல்லாமல் ஆகாது. டீயில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, பாதியை ஒரே வாயில் அடக்கிக்கொள்வான். மீசையில் துணுக்கு ஒட்டியிருக்கும். சகுந்தலா டீயை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

“இன்னாடி, தினம் மூஞ்சியத் திருப்பிக்கிற?”

“ஒண்ணுமில்ல. தின்னுங்க.”